மரத்தச்சர் ஊரில் பிறந்த டாங்கி

1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 9ஆந் திகதி காலை, யப்பானியக் கடற்படை நெருங்குகிறதென்ற செய்தியால் முந்தின இரவே திருகோணமலைத் துறைமுகத்தை நீங்கித் தெற்கே விலகியிருந்த ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், தன் மேற்றளத்தில் விமானம் ஒன்றுதானும் இல்லாத நிலையில் மீண்டும் துறைமுகம் நோக்கித் திரும்பியபோது, மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் எதிரி விமானங்களின் கண்ணிற் பட்டு, குண்டுமாரிக்கு இலக்காகி, அரைமணி நேரங்கூட எதிர்த்து நிற்க இயலாமல், 307 உயிர்களோடு சமுத்திரத்தின் அடியிற் சென்று சேர்ந்தது. விமானந்தாங்கி என்ற ஒரே நோக்கத்துக்காக வரைபடம் வரைந்து கட்டத் தொடங்கப்பட்ட கப்பல்களில் உலகிலேயே முதலாவது அது. துணைக்கு வந்த வம்பயர் என்னும் அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் அன்றே அதே கடலில் மூழ்கிற்று. கல்முனையிலிருந்து வடக்கே வீதி வழியாக ஒரு மணி நேரப் பிரயாணத்தில் எட்டக்கூடிய கரைக்கு நேரே நடந்த இந்தச் சம்பவம் எங்கள் பகுதிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அறுகம்பேயில் அலைச்சறுக்கு விளையாட வருகின்ற வெள்ளைக்காரர்களிற் பலருக்கு நன்றாகத் தெரியும். அவர்களில் ஆழ்கடலில் மூழ்கிப் பார்க்கும் பழக்கமுள்ளோர், பலகையைக் கட்டிவைத்துவிட்டு, 50 மீற்றருக்கும் அதிக ஆழத்திற் கிடக்கும் அந்த இரும்புச் சடலத்தைத் தரிசிக்கவென்றே மட்டக்களப்புக்குப் போய் வருகிறார்கள்.

அவ்வளவு தூரம் மூழ்கத் துணியாதவர்களுக்கும் அக்கப்பல் கிடைக்கிறது. யப்பான் தேசத்து ஷிசுவோகா நகரத்திலுள்ள அவோஷிமா என்னும் ஸ்தாபனம், அதே ஹேர்மிஸை எழுநூற்றில் ஒரு பங்கு அளவாகச் சுருக்கி, சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் வார்த்து, துண்டு துண்டாகப் பெட்டியில் அடைத்து விற்கிறது. ஒட்டி முடித்தால் ஒரு சாணுக்குச் சற்று மேலே, 26 சென்ரிமீற்றர் நீளம் வரும். எந்தத் தேசத்தின் விமானிகள் அதை மூழ்கடித்தார்களோ, அந்தத் தேசத்தின் கைவினைஞரே அதன் பீரங்கிகளை எண்ணி, பாரந்தூக்கிகளை அளந்து, மீண்டும் மிதக்கவிட்டிருக்கிறார்கள் என்பதை ஒரு வஞ்சப் புகழ்ச்சியாகச் சொல்லிவிட்டுப் போவது எளிது. எனக்கு அதைவிட விசித்திரமாகத் தோன்றுவது, இப்படிப்பட்ட தொழில் அந்த ஒரு நகரத்தில் வந்து குவிந்த விதந்தான். 1971இல் ஷிசுவோகாவின் நான்கு கம்பனிகள், அதாவது தமியா, அவோஷிமா, ஹசெகாவா, ஃபூஜிமி ஆகியவை, ஒன்றோடொன்று போட்டியிட்டு மாள்வதைவிட உலக யுத்தக் கப்பல்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்வதே மேலென்று உடன்பட்டு, எழுநூற்றில் ஒரு பங்கு என்ற பொது அளவையை வகுத்துக்கொண்டன. அந்த உடன்பாட்டுக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னரே அந்நகரத்தின் பெயரை உலகெங்கும் கொண்டு செல்லத் தொடங்கியது கப்பலன்று, ஒரு டாங்கி.

ஷிசுவோகா பூர்வத்தில் மரத்தச்சரின் ஊர். தொக்குகாவா இயேயாசு என்னும் அதிபதி தன் முதுமைக் காலத்தில் அங்கே சும்பு என்னும் கோட்டையைத் திருத்திக் கட்டியபோதும், 1616இல் அவர் இறந்தபின் குனோ மலைமீது அவருக்குக் கோயில் எழுந்தபோதும், நாட்டின் பல பாகங்களிலிருந்தும் அழைத்துவரப்பட்ட தச்சர்களும் அரக்குப் பூச்சுக்காரர்களும், வேலை முடிந்ததும் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டார்கள் என்பது அந்நகரத்தார் தம் கைத்தொழில்களுக்குச் சொல்லும் பூர்வ கதை. கோயில் கட்ட வந்தவர்களின் சந்ததியார் பேழையும் பெட்டியும் முகக்கண்ணாடிச் சட்டமும் செய்தார்கள். பின்னர், ஆகாய விமானம் என்ற புதுமை உலகைக் கவர்ந்த காலத்தில், பள்ளிச் சிறுவருக்கான மர விமானங்களும் செய்தார்கள். அவோஷிமாவின் தோற்றம் 1924ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1945 ஜூன் மாதத்து விமானக் குண்டுவீச்சில் நகரத்தின் பெரும்பாகம் எரிந்து சாம்பலாயிற்று. அடுத்த ஆண்டு, அந்தச் சாம்பலின் மேல் வீடு கட்டப் பலகை வேண்டுமென்பதை உணர்ந்து, தமியா யொஷியோ என்பவர் ஒரு மர ஆலையைத் தொடங்கினார்.

அந்த ஆலையின் கதைக்கு வருமுன், டாங்கியின் சிற்றுரு என்ற பொருளே உலகில் எப்படித் தோன்றிற்று என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1916 செப்டெம்பர் 15ஆந் திகதி பிரான்சு தேசத்தின் ஸொம் போர்க்களத்தில் முதன்முதலாக ஓடிய இந்த யந்திரம், பாதிக்கு மேல் சேற்றிற் புதைந்தும் பழுதாகியும் நின்றுவிட்ட போதிலும், ஜனங்களின் மனத்தைக் கவர்ந்துகொள்ள அதிக நாள் எடுக்கவில்லை. பிரித்தானிய அரசாங்கம் சில டாங்கிகளை ஊரூராகக் கொண்டுபோய்ச் சந்தைச் சதுக்கத்தில் நிறுத்தி, அவற்றின் அருகிலேயே யுத்தக் கடன் பத்திரங்களை விற்றது. ஊர்ச் சின்னம் பொறித்த பீங்கான் டாங்கிகளும், காசு போட்டு வைக்கும் உண்டியல் டாங்கிகளும் கடைகளில் நிறைந்தன. கொலைக்கருவி ஒன்று வரவேற்பறை அலங்காரமாக மாறுவதற்கு அதற்கு ஓராண்டோ இரண்டாண்டோதான் தேவைப்பட்டது.

அந்தக் காலத்து டாங்கி ஒன்றின் வர்ணப்பூச்சைப் பற்றி ஒரு செய்தி உண்டு; எங்கள் கடலோரத்தார் அறிந்து வைத்திருக்க வேண்டியது. மலாயாவில் ஈய வயல்களாற் பெருஞ்செல்வம் ஈட்டியவரும், இன்றும் நிலைத்திருக்கும் யூ யான் சாங் மருந்து வாணிபக் குடும்பத்தின் வாரிசுமான யூ தொங் சென் என்னும் சீனப் பிரபு, 1917இல் 6,000 பவுண் கொடுத்து பிரித்தானியப் படைக்கு ஒரு டாங்கியை நன்கொடையாக அளித்தார். சீனத்துப் பாய்க்கப்பல்களுக்கு முகப்பின் இருமருங்கும் கண் எழுதுகின்ற சம்பிரதாயப்படி, அந்த டாங்கியின் முகப்பிலும் இரண்டு கண்கள் வரையப்பட்டன. பாதை தெரியாத கப்பல் கரை சேராது என்பது மாலுமியின் நம்பிக்கை. யாழ்ப்பாணத் தோணிகளின் அணியத்திலும் கண் எழுதியிருந்ததை நம் முன்னோர் கண்டிருக்கிறார்கள். அன்று எழுதிய அந்தக் கண்களைப் பிரித்தானிய டாங்கிப் படையின் ஒரு பிரிவு தன் பரம்பரைச் சின்னமாக ஏற்றுக்கொண்டு, தலைமுறை தலைமுறையாகப் புதிய டாங்கிகளிலும் எழுதி வருகிறது. ஆகையினால், அந்தப் பிரிவின் டாங்கியைச் சிற்றுருவாகச் செய்கின்ற எவனும், நுண்ணிய தூரிகையின் நுனியில் கடலோடியின் நம்பிக்கையொன்றை எழுதியே தீர வேண்டியவனாகிறான்.

விளையாட்டுப் பொருளாயிருந்த சிற்றுரு, துல்லியமான அளவுக்கு உட்பட்ட கருவியாக மாறியது இரண்டாவது உலக யுத்தத்திலேதான். தூரத்திற் புள்ளியாகத் தோன்றும் விமானமோ வண்டியோ நண்பனுடையதா பகைவனுடையதா என்பதை ஒரு கணத்திற் பகுத்தறியும் பயிற்சி சிப்பாய்க்கு வேண்டியிருந்தது. கொக்கலையிலிருந்து பறந்த கனேடிய விமானி பேர்ச்சல், 1942 ஏப்ரல் 4ஆந் திகதி தெற்குக் கடலில் யப்பானியக் கப்பற்படையைக் கண்டு, தாம் சுட்டு வீழ்த்தப்படுமுன் செய்தி அனுப்பியதனால்தான் இலங்கைத் தீவு முன்னெச்சரிக்கை பெற்றது. கண்ணின் அறிவுக்கு அவ்வளவு விலை இருந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பள்ளி மாணவர்களிடம் 5,00,000 மர விமானங்களைச் செதுக்கித் தரும்படி கேட்டது. அளவை எழுபத்திரண்டில் ஒன்று. ஆறடி மனிதன் ஓர் அங்குலமாகும் கணக்கு. வர்ணம் முழுக் கறுப்பு, நிழலுருவம் மட்டுமே மனத்திற் பதிய வேண்டுமென்பதற்காக. டாங்கிகளின் உருவங்களையோ நூற்றெட்டில் ஒரு பங்காக உலோகத்தில் வார்த்துப் பாசறைகளுக்கு அனுப்பினார்கள். பிற்காலத்தில் பொழுதுபோக்காகச் சிற்றுரு செய்வோர், ஒரு சக்கரம் அரை மில்லிமீற்றர் விலகியிருப்பதைக் கண்டு தூக்கமிழப்பதற்கு வித்திட்டது இந்தப் பாசறைப் பள்ளிக்கூடம் என்பது என் அபிப்பிராயம்.

யுத்தம் முடிந்ததும் பிளாஸ்டிக் வந்தது. ஹங்கேரியிலிருந்து இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த நிக்கலஸ் கோவ் என்பவர் 1939இல் தொடங்கிய எயார்ஃபிக்ஸ் கம்பனி, தலைவாரும் சீப்புகளை வார்த்துக்கொண்டிருந்தபோது, 1949இல் ஃபேர்கஸன் உழவு யந்திரக் கம்பனியார் தம் விற்பனையாளர் கையிற் கொண்டு திரிவதற்கு ஒரு சிறிய உழவு யந்திரம் வேண்டுமென்று கேட்டார்கள். பின்னர் அதையே பாகங்களாக விற்றதும், 1952இல் ஒரு பழைய பாய்க்கப்பலைப் பிளாஸ்டிக் பையில் அடைத்து வூல்வர்த் கடைகளில் தொங்கவிட்டதும், அக்கம்பனியின் வாழ்வை மாற்றின. உருக்கிய பிளாஸ்டிக்கை உருக்கு அச்சினுள் அமுக்கத்தோடு செலுத்தி, ஆறியவுடன் திறந்தால், ஒரு சட்டத்திலே இலையும் காயுமாகத் தொங்குகின்ற கிளையைப்போல் நூறு பாகங்கள் ஒருமிக்க வந்துவிடும்; அச்சுச் செய்வதற்குத்தான் பெருஞ் செலவு, அதற்குப்பின் ஆயிரமும் ஒன்றுதான் இலட்சமும் ஒன்றுதான். மரத்தைச் செதுக்கி ஜீவித்தவனுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை.

அந்த ஆபத்து ஷிசுவோகாவை 1950களின் பிற்பகுதியில் வந்தடைந்தது. தமியாவின் மர ஆலை இடையில் ஒருமுறை தீப்பற்றி எரிந்து, பலகை வாணிபத்தைக் கைவிட்டு, மரச் சிற்றுருக்களை மட்டுமே நம்பி நின்ற காலம் அது. சட்டம் படித்துவிட்டு 1958இல் தந்தையின் தொழிலுக்கு வந்து சேர்ந்த மூத்த மகன் ஷுன்சாக்கு, மரத்தின் காலம் முடிந்ததைக் கண்டார். 1960இல் அவர்கள் வெளியிட்ட முதலாவது பிளாஸ்டிக் சிற்றுரு யமாத்தோ என்னும் யப்பானியப் பெரும் போர்க்கப்பல். அதே கப்பலை வேறொரு கம்பனி அதைவிட மலிவான விலைக்குச் சந்தையில் இறக்கிவிட்டதால், தமியாவின் கப்பல் வியாபாரத்தில் மூழ்கிற்று. அச்சுக்குப் போட்ட முதல் திரும்பி வரவில்லை. மறுபடியும் மரத்தை எடுத்துச் செதுக்க வேண்டியதாயிற்று. கடனுக்கும் கௌரவத்துக்கும் இடையில் நின்று, இனியொரு முறை மாத்திரம் முயல்வோமென்று அவர்கள் தெரிந்தெடுத்ததே பாந்தர் என்னும் ஜேர்மன் டாங்கி.

1961ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த அந்தப் பாந்தர் உள்ளே மோட்டார் பொருத்தப்பட்டு, தரையில் தானே ஓடக்கூடியதாய் இருந்தது. பெட்டியின் மூடிக்கு, சிறுவர் சஞ்சிகைகளிற் சாகசச் சித்திரங்கள் வரைந்து யப்பானெங்கும் பெயர்பெற்ற கொமத்சுசாக்கி ஷிகேரு புகையும் நெருப்புமாகப் படம் எழுதினார். இவற்றைவிட நீடித்து நின்றது ஒரு தற்செயல். டாங்கியின் வயிற்றுக்குள் மோட்டாரும் மின்கலங்களும் அடங்க வேண்டும். கடையிற் கிடைக்கும் மின்கலத்தின் பருமனை மாற்ற எவராலும் ஆகாது. ஆகவே மின்கலம் அடங்கும் அகலத்துக்கு உடலை வகுத்து, அதற்கேற்ப மற்ற அனைத்தையும் வகுத்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தபோது அது உண்மை டாங்கியின் முப்பத்தைந்தில் ஒரு பங்காக இருந்தது. அதற்குமுன் இந்தத் தொழிலில் எந்தச் சாஸ்திரமும் முப்பத்தைந்தைச் சொன்னதில்லை. இராணுவப் பயிற்சி விமானங்களுக்கு எழுபத்திரண்டு, டாங்கிகளுக்கு நூற்றெட்டு; எயார்ஃபிக்ஸ் கம்பனியார் ஏறக்குறைய அதே காலத்தில் வெளியிட்ட சிறிய பாந்தருக்கு, விளையாட்டு ரயில்களின் கணக்கையொட்டி எழுபத்தாறு. ஆயினும் தமியாவின் டாங்கிகள் உலகெங்கும் பரவியபின், ஏனைய தேசத்துக் கம்பனிகளும் தமது அச்சுகளை முப்பத்தைந்துக்கே வெட்ட நேர்ந்தது. இன்று எந்த நாட்டில் எவன் டாங்கிச் சிற்றுரு செய்தாலும், அறுபத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முந்திய ஒரு மின்கலத்தின் பருமனுக்கே அவன் பணிந்து நடக்கிறான். அதே 1961இல்தான் சென்னைக்கு மேற்கேயுள்ள ஆவடியில் இந்திய அரசாங்கம் கனரக வாகனத் தொழிற்சாலையை நிறுவிற்று. அங்கிருந்து முதலாவது விஜயந்தா டாங்கி 1965இல் வெளியே வந்தது. தமிழ்நாட்டு மண்ணில் முழு உருவ டாங்கிக்கும், தச்சர் ஊரில் கையளவு டாங்கிக்கும் ஒரே ஆண்டில் அஸ்திவாரம் இடப்பட்டதைச் சரித்திரத்தின் விளையாட்டென்று ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறு அர்த்தம் கற்பிக்க வேண்டியதில்லை.

ஓடுகிற பொம்மை எத்தனை நாளைக்கு ஓடும்? சிறுவர் வளர்ந்தார்கள், அவர்களுக்கு இப்போது ஓட்டமன்று, ஒப்புமை வேண்டியிருந்தது. 1966இல் ஷுன்சாக்கு அமெரிக்காவின் அபர்டீன் இராணுவக் காட்சிச்சாலைக்குச் சென்று, வெட்டவெளியில் வரிசையாக நிறுத்திவைக்கப்பட்டிருந்த பல தேசத்து டாங்கிகளைச் சுற்றிச் சுற்றி வந்து புகைப்படம் எடுத்தார். யுத்தத்தைத் துறந்துவிட்டதாகத் தன் அரசியற் சாசனத்திலேயே எழுதிவைத்த ஒரு தேசத்தின் குடிமகன், தன் நாட்டைத் தோற்கடித்த நாட்டின் முற்றத்தில் நின்று, துருப்பிடித்த மறைகளையும் ஒட்டுத் தழும்புகளையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டது, படைத் தளபதிகள் செய்யும் வேலையைவிடப் பொறுமையான வேலை. சண்டையிட்டவர்களுக்கு டாங்கியின் பின்புறக் கருவிப்பெட்டியின் கொளுக்கி எப்படியிருந்ததென்பது தேவைப்படவில்லை. தச்சன் வழிவந்தவனுக்குத் தேவைப்பட்டது. 1968இல் முப்பத்தைந்தில் ஒரு பங்கான சிப்பாய் உருவங்களோடு ஒரு தொடர் ஆரம்பமாயிற்று. மோட்டார் மெல்ல மெல்ல மறைந்தது. பெட்டி மூடியிலிருந்து புகையும் நெருப்பும் அகன்று, வெள்ளைப் பின்னணியில் தனித்து நிற்கும் டாங்கி வந்தது. அந்த வெண்மை எனக்குப் பிடித்திருக்கிறது. உள்ளே உள்ளதை மட்டுமே மூடி சொல்கிறது.

எங்கள் பக்கத்துக்கு இவை வந்த வழி தனி. பெரிய பட்டணத்துப் பிள்ளைகள் ஆங்கிலேயக் கம்பனிச் சிற்றுருக்களை எப்போதாவது கண்டிருக்கக்கூடும். பொத்துவில், அக்கரைப்பற்று, சாய்ந்தமருதுப் பிள்ளைகளுக்கு வண்டி என்றால், ரின்மீன் பேணியை வெட்டி மடித்து, தேய்ந்த செருப்பின் இறப்பரில் நான்கு சக்கரம் அறுத்து, ஈர்க்கிலில் கோத்துக் கயிறு கட்டி இழுப்பதுதான். குரும்பட்டியில் ஈர்க்கில் குத்தித் தேர் கட்டிய பரம்பரையின் இரும்புக்காலம் அது. 1980களிலும் 90களிலும் பவல் கவச வண்டிகள் வீதியில் உறுமிக்கொண்டு போன நாட்களில், பேணி வண்டியின் மேல் ஒரு தீப்பெட்டி ஏறி, அதன் மேல் ஒரு குச்சி நீட்டிக்கொண்டது. அதைக் கண்ட உம்மாமார் பறித்து அடுப்பிற் போட்டதும் உண்டு. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. உலகத்தின் மற்றச் சிறுவர்கள் முதலிற் சிற்றுருவையும் பிறகு, கண்டால், உண்மை யந்திரத்தையும் கண்டார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு வரிசை தலைகீழாக அமைந்தது.

சிற்றுருவில் நம்பிக்கை வைப்பது இந்தக் கரைக்குப் புதிதுமன்று. நாகூர் தர்காவில் நேர்ச்சை வைப்போர் வெள்ளித் தகட்டிற் கப்பலும் வீடும் கையும் காலுமாகச் செய்து காணிக்கை இடுவதும், கந்தூரிக் காலத்திற் கொடிகள் கப்பல் வடிவ ரதங்களில் நாகப்பட்டினத்திலிருந்து ஊர்வலமாக வருவதும் பிரசித்தம். நாகூர் ஆண்டகையின் பேரால் கல்முனைக்குடிக் கடற்கரைப்பள்ளியில் ஆண்டுதோறும் கொடியேற்றம் நடக்கிறது. ஒரு கப்பலைச் சிறிதாக்கிச் செய்தால் பெரிய கப்பல் காக்கப்படும் என்ற எண்ணத்தை மார்க்க அறிஞர் எல்லாரும் ஏற்பதில்லை. கைவினை மட்டும் இருதரப்பாருக்கும் பொதுவாக நிலைத்திருக்கிறது.

யப்பானில் பழைய மோட்டார் வாகன வியாபாரத்திற் சேர்ந்த எங்கள் வாலிபர் சிலர் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்த பெட்டிகளிலேதான் முப்பத்தைந்தில் ஒரு பங்கான டாங்கியை நான் முதலிற் கிட்ட இருந்து பார்த்தேன். என் மருமகன் ஒருவன் கொண்டுவந்தது டி-55 என்னும் சோவியத் மாதிரி. உண்மையில் 36 தொன் நிறையும் 100 மில்லிமீற்றர்ப் பீரங்கியும் உடைய அந்த வண்டியை, செக்கோசிலோவாக்கியாவில் வார்த்தெடுத்தவையாக 1991இல் இலங்கை இராணுவம் வாங்கிற்று. கையில் எடுத்தால் உடல் ஒரு சாணுக்குள் அடங்கிவிடுகிறது. பக்கத்துக்கு ஐந்து சக்கரங்கள். முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவில் மட்டும் ஓர் அகன்ற இடைவெளி. இந்த இடைவெளியைக் கொண்டே பாசறைப் பள்ளிக்கூடத்து மாணவன் டி-55ஐ அதன் தம்பியான டி-62இலிருந்து பிரித்தறிகிறான். தம்பிக்கு இடைவெளிகள் பின்பக்கத்தில்.

அதை ஒட்டும் வேலை நடந்த இடம் அறுகம்பே உல்லையில், அலைச்சறுக்குப் பலகை பழுதுபார்க்கும் ஒரு கொட்டில். கச்சான் காற்றுக் காலத்துப் பிரயாணிகள் போய், மாரி தொடங்கி, கடல் கலங்கிக் கிடக்கும் மாதங்களில் அந்தக் கொட்டிலுக்கு வேலை குறைவு. அதை நடத்துகிற தம்பிக்கு டாங்கியின் சரித்திரம் எதுவும் தெரியாது; ஆனால் உடைந்த பலகையையும் பைபர் படகையும் திருத்திப் பழகியவனாகையால், இரு பாகங்கள் கூடும் பொருத்தில் தோன்றும் மயிரிழை வெடிப்பைக் கண் பாராமலே நகத்தால் தடவிக் கண்டுபிடித்தான். சட்டத்திலிருந்து பாகத்தை முறுக்கிப் பிய்த்தலாகாது; வெட்டுக் குறட்டால் சற்றுத் தள்ளி நறுக்கி, எஞ்சிய முனையைக் கத்தியால் சீவி, நனைத்த அரத்தாளால் தேய்க்க வேண்டும். பசை என்று சொல்லுவதும் உண்மையிற் பசையன்று. பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை இளக்கி இரண்டையும் ஒன்றாக்கும் திரவம். பொருத்தின் மேல் தூரிகை நுனியை வைத்தால் அது தானாகவே இடுக்கினுள் ஓடிவிடும். விரல் பட்டால் ரேகை அப்படியே பதிந்து நிலைத்துவிடும். சங்கிலிப் பட்டி மென்மையான இறப்பர் போன்ற ஒற்றை வாராக வந்திருந்தது. அதன் ஒரு முனையிலுள்ள சிறு முளைகளை மறுமுனைத் துளைகளிற் செலுத்தி, திருகாணிச் செலுத்தியின் நுனியை விளக்கிற் காய்ச்சி, முளையின் தலையை மெல்ல அமுக்கி நசுக்க வேண்டும். சூடு கூடினால் பட்டியே அறும், குறைந்தால் பிடிக்காது. பலகைத் தம்பி முதல் முளையை நசுக்கிய விதத்தைப் பார்த்தபின், மருமகன் தன் கையிலிருந்த கையேட்டை மடித்து வைத்துவிட்டான்.

வர்ணப்பூச்சில் ஒரு விபரீதம் உண்டு. முதலில் அடிப்பூச்சு, அதன்மேற் பச்சை, எல்லாம் மாசு மறுவின்றி அமைந்தவுடன், அதை வேண்டுமென்றே கெடுக்கும் வேலை தொடங்குகிறது. கரும் கபில நிற எண்ணெய் வர்ணத்தை நீர்போல் கரைத்து ஓடவிட்டால், அது மறைகளைச் சுற்றியும் இடுக்குகளிலும் தங்கி நிழலாகிறது. பிறகு வெளிறிய பச்சையைத் தூரிகையில் தோய்த்து, துணியில் ஏறக்குறைய முழுவதும் துடைத்தெடுத்து, உலர்ந்த மயிரினால் விளிம்புகளை மட்டும் தடவினால், அங்கே வெளிச்சம் பட்டதுபோல் ஒரு தோற்றம் எழுகிறது. அதன்பின் துரு, புகைக்கரி, சேறு. 1970களில் அமெரிக்காவின் ஷெப்பர்ட் பெயின் போன்றோர், டாங்கியைத் தனியே நிறுத்தாமல், இடிந்த சுவரும் உடைந்த வேலியுமாக ஒரு களத்தையே பலகைமேல் அமைத்துக் காட்டத் தொடங்கியபின், இந்த அழுக்குக் கலை தனிச் சாஸ்திரமாக வளர்ந்துவிட்டது. மிகையாகவும் வளர்ந்துவிட்டதென்பேன். தொழிற்சாலையிலிருந்து வந்து மூன்று மாதத்தில் அழிந்த வண்டிகளுக்கு முப்பது வருஷத்துத் துருவை ஏற்றுகிறார்கள். எங்கள் உப்புக்காற்றில் ஒரு சைக்கிள் எந்த இடத்தில் முதலில் துருப்பிடிக்கிறதென்று பார்த்திருந்தால் அந்தத் தவறு நேராது.

பெட்டியில் ஒரு சிப்பாயின் அரையுருவமும் இருந்தது, மேற்கதவைத் திறந்து எட்டிப்பார்க்கும் பாவனையில். மருமகன் அதை ஒட்டவில்லை. உயிருள்ளவற்றின் உருவம் செய்வதில் எங்கள் குடும்பத்தாருக்குள்ள தயக்கம் அவனுக்கும் உண்டு. பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளுக்கு விலக்குண்டென்று சொல்லும் ஆலிம்களும் உளர். பக்கத்து வீட்டுப் பையன் வந்து பார்த்துவிட்டு, “ஆள் இல்லாம இது எப்படிப் போகும் மாமா?” என்றான். “கதவு பூட்டியிருக்கு மகன், ஆள் உள்ளுக்க” என்று மருமகன் சொன்னது, மார்க்கத்துக்கும் இராணுவ நடைமுறைக்கும் ஒருங்கே பொருந்துவதாக இருந்தது.

எந்தப் பச்சை என்பதே கடைசிப் பிரச்சினை. வர்ணப் புட்டிகளை விமானத்திற் கொண்டுவர விடமாட்டார்கள். இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் 1919இல் எண்ணெய் வியாபாரமாகத் தொடங்கி, சிற்றுருக்காரர்களின் சிறு தகரக் குப்பிகளால் உலகப் புகழ் பெற்ற ஹம்ப்ரோல் வர்ணமும் எங்கள் கடைத்தெருவிற் கிடையாது. இலங்கை இராணுவத்தின் டி-55க்கு உரிய பச்சை எதுவென்று கையேடும் சொல்லவில்லை. ஆகவே கண்டவர்களைக் கேட்க வேண்டியிருந்தது. காலிமுகத்திடல் அணிவகுப்பில் அதைக் கண்ட உறவினர் ஒருவர், புதுக் கழுவலில் மினுங்கிய பச்சையைச் சொன்னார். வடக்கே சரக்கேற்றித் திரிந்த லொறிச் சாரதி காக்கா ஒருவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அவர் ஆனையிறவில் வீதியோரம் காட்சிக்கு நிறுத்தியிருக்கும் புல்டோசரையும் பார்த்தவர். 1991இல் புலிகள் இரும்புத் தகடுகளைப் பொருத்தித் தாமே கவச வண்டியாக்கி முகாமின்மேற் செலுத்திய யந்திரம் அது. எந்தக் கம்பனியின் வரைபடத்துக்கும் கட்டுப்படாத அந்தப் பொருளையும், செக்கோசிலோவாக்கிய வார்ப்பையும் ஒருங்கே நினைவில் வைத்திருந்த அவர், “இந்தப் பச்ச இல்ல தம்பி, வெயில்ல காஞ்சு, மண் ஏறின பச்ச” என்றார்.

ஹாட்வெயார் கடையிற் படகுக்குப் பூசும் பச்சை எனமல் இருந்தது. பலகைத் தம்பி அதில் ஒரு கரண்டி எடுத்து, கறுப்பில் ஒரு சொட்டும், படகு இலக்கம் எழுதும் மஞ்சளில் இரண்டு சொட்டும் விட்டுக் கலக்கி, மினுக்கம் போவதற்குத் தின்னர் சற்று அதிகமாக ஊற்றி, பழைய சட்டத்தின் ஒரு துண்டிற் பூசி வெயிலிற் காயவைத்தான். காக்கா அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்து, இன்னும் ஒரு சொட்டு மஞ்சள் விடச் சொன்னார்.